செயற்கைக்கோளில் டிரான்ஸ்பாண்டர் என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இஸ்ரோ ஒரு தகவல் தொடர்பு செயற்கைக்கோளை அனுப்பும் நாளில், செய்தியில் எடை வரும், உயரம் வரும், கூடவே "24 கேயு பேண்ட் டிரான்ஸ்பாண்டர்கள்" என்ற மாதிரி ஒரு வரியும் வரும். எடையும் உயரமும் புரிந்துவிடும். மூன்றாவதை அப்படியே தாண்டிப் போய்விடுவோம். உண்மையில் அந்த மூன்றாவதுதான் சரக்கு; மற்றதெல்லாம் அதைச் சுமக்கிற வண்டி. வீட்டிலும் வெளியிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

டிரான்ஸ்பாண்டர் என்றால் என்ன? ஒரு வரியில் சொல்ல முடியுமா?

தரையிலிருந்து வரும் மிக மெல்லிய ரேடியோ சிக்னலை வாங்கி, அதிர்வெண்ணை மாற்றி, பல கோடி மடங்கு பெருக்கி, திரும்பத் தரைக்கே அனுப்பும் கருவி வரிசை. அவ்வளவுதான்.

"கருவி" என்று சொல்லாமல் "கருவி வரிசை" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. செயற்கைக்கோளைத் திறந்து பார்த்தால் டிரான்ஸ்பாண்டர் என்று பெயர் ஒட்டிய பெட்டி எதுவும் இருக்காது. ஆன்டெனா, பெருக்கி, வடிகட்டி, மறுபடி பெருக்கி என்று சிக்னல் போகும் ஒரு பாதைக்குத்தான் அந்தப் பெயர். பாதையின் சில பகுதிகள் பல டிரான்ஸ்பாண்டர்களுக்குப் பொது. சில பகுதிகள் தனித்தனி.

விமானத்தில்கூட டிரான்ஸ்பாண்டர் இருக்கிறதே, இரண்டும் ஒன்றா?

பெயர் ஒன்று, வேலை வேறு. டிரான்ஸ்மிட்டர், ரெஸ்பாண்டர் என்ற இரண்டு சொற்களை ஒட்டவைத்துச் செய்த பெயர் இது. விமானத்தில் இருப்பது பெயருக்கு ஏற்றபடி நடக்கும்: ரேடார் "நீ யார்?" என்று கேட்டால், தன் எண்ணையும் உயரத்தையும் பதிலாகச் சொல்லும். இரண்டாம் உலகப் போரில் நம் விமானமா, எதிரி விமானமா என்று பிரித்தறிய வந்த ஏற்பாடு அது.

செயற்கைக்கோளில் இருப்பது எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வதில்லை. வந்ததை வாங்கி வந்தபடியே திருப்பி அனுப்புகிறது. வந்தது கிரிக்கெட்டா, சீரியலா, வங்கி ஏடிஎம் கணக்கா என்று அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

வாங்கியதை அதே அதிர்வெண்ணில் திருப்பி அனுப்பினால் என்ன? ஏன் மாற்ற வேண்டும்?

ஆடி மாதக் கோயில் மைக்செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பேசுகிறவர் மைக்கைக் கையில் பிடித்தபடி ஸ்பீக்கர் முன்னால் நடந்துபோனால் "கூய்ங்" என்று காது கிழியும். ஸ்பீக்கரில் வந்த சத்தம் மறுபடி மைக்குக்குள் போய், மறுபடி பெருகி, சுற்றிச் சுற்றி வருவதால் வரும் ஊளை அது.

செயற்கைக்கோளிலும் வாங்கும் ஆன்டெனாவும் அனுப்பும் ஆன்டெனாவும் ஓரிரு மீட்டர் தள்ளித்தான் இருக்கின்றன. பல நேரம் இரண்டுக்கும் ஒரே ஆன்டெனாதான். வரும் சிக்னல் ஒரு வாட்டின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவில் இருக்க, போகும் சிக்னல் நூறு வாட்டுக்கு மேல். இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் இருந்தால் தான் போடும் சத்தத்திலேயே அதன் காது அடைத்துப் போகும். அதனால்தான் சி பேண்ட் என்ற அதிர்வெண் பட்டையில் 6 கிகாஹெர்ட்ஸ் பக்கம் மேலே போய், 4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் கீழே வருகிறது. அதைவிட உயர்ந்த பட்டையான கேயு பேண்டில் பொதுவாக 14-ல் ஏறி 11, 12-ல் இறங்கும்.

சரி, மேலே போவதற்கு ஏன் பெரிய எண், இறங்குவதற்கு ஏன் சின்ன எண்? அதிர்வெண் கூடக்கூட மழையிலும் தூரத்திலும் இழப்பு கூடும். தரையில் கரண்டுக்குப் பஞ்சமில்லை, ஆன்டெனாவையும் பெரிதாகக் கட்டலாம். மேலே சோலார் தகடு கொடுப்பதுதான் வரவு. அதனால் கஷ்டமான பாதி தரைக்கு, சுலபமான பாதி செயற்கைக்கோளுக்கு.

ஒரு சிக்னல் உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை என்ன நடக்கிறது?

ஒரு டிடிஎச் சேவையின் ஒளிபரப்பை எடுத்துக்கொள்வோம். கணக்குக்கு வசதியாக, ஊருக்கு வெளியே 9 மீட்டர் டிஷ்ஷும் 200 வாட் டிரான்ஸ்மிட்டரும் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அந்த 200 வாட், டிஷ் குவித்துத் தரும் பலத்தோடு, கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் ஏறுகிறது. செயற்கைக்கோளின் ஆன்டெனாவில் போய்ச் சேரும்போது மிஞ்சுவது சுமார் ஒரு நானோவாட்.

முதலில் ஒரு வடிகட்டி. தேவையான பட்டையை மட்டும் உள்ளே விடும். அடுத்து, தன் பங்குக்கு இரைச்சலை அதிகம் சேர்க்காத பெருக்கி. இந்த முதல் பெருக்கி எவ்வளவு அமைதியாக இருக்கிறதோ அவ்வளவுதான் மொத்தப் பாதையின் தரம். இங்கே ஏறிய இரைச்சலைப் பின்னால் யாராலும் பிரித்தெடுக்க முடியாது. சிக்னலோடு சேர்ந்து அதுவும் பெருகும்.

அப்புறம் அதிர்வெண் மாற்றம். செயற்கைக்கோளுக்குள் ஓர் அலையாக்கி, நிலையான ஓர் அதிர்வெண்ணை ஓயாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். சி பேண்டில் அது பெரும்பாலும் 2225 மெகாஹெர்ட்ஸ். வந்த சிக்னலை இதோடு கலந்தால் இரண்டின் வித்தியாசம் கிடைக்கும். 5945-ல் வந்தது 3720 ஆகும், 6385-ல் வந்தது 4160 ஆகும். எல்லாம் ஒரே அளவு கீழே நகரும், வரிசை மாறாது.

இதுவரை எல்லாச் சிக்னல்களும் ஒன்றாகவே வந்தன. இனிமேல்தான் பிரிவினை. வரிசையாக வைத்த வடிகட்டிகள் 36 மெகாஹெர்ட்ஸ் அகலத் துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனி வழியில் அனுப்பும். "டிரான்ஸ்பாண்டர் 1, டிரான்ஸ்பாண்டர் 2" என்ற எண்ணிக்கை இங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக ஒரு சிறு பெருக்கி, அதற்குப் பின்னால் ஒரு பெரிய பெருக்கி. பெரிய பெருக்கியிலிருந்து 150 வாட் வெளியே வருகிறது என்றால், நுழைவாசலில் இருந்ததைப் போலப் பதினைந்தாயிரம் கோடி மடங்கு.

கடைசியில் எல்லாத் துண்டுகளையும் மறுபடி ஒன்றாகச் சேர்க்கும் வடிகட்டி வரிசை, பிறகு ஆன்டெனா. இறங்கும் வழியில் அந்த 150 வாட் இந்தியா முழுவதும் பரவுகிறது. உங்கள் மொட்டை மாடியில் இருக்கும் 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பங்குக்கு வருவது ஒரு வாட்டின் லட்சம் கோடியில் இரண்டு பங்கு அளவுதான். அதை வைத்துக்கொண்டுதான் உங்கள் வீட்டு செட்டாப் பெட்டி படம் காட்டுகிறது.

அந்தப் பெரிய பெருக்கி டிரான்சிஸ்டரா?

சில செயற்கைக்கோள்களில், முக்கியமாகக் கீழ் அதிர்வெண்களில், ஆமாம். ஆனால் கேயு பேண்டில் இன்னமும் வெற்றிடக் குழாய்தான் கொடி கட்டிப் பறக்கிறது. பழைய வால்வு ரேடியோவின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். பெயர் டிராவலிங் வேவ் டியூப். துறையில் இருப்பவர்கள் சுருக்கமாக டிடபிள்யூடி என்பார்கள்.

எனக்கு இந்தக் குழாய் மேல் தனிப் பிரியம் உண்டு, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஒரு முனையில் எலக்ட்ரான் துப்பாக்கி. பல ஆயிரம் வோல்ட் கொடுத்து எலக்ட்ரான்களை நேர்கோட்டில் விரட்டும். அந்தக் கற்றையைச் சுற்றி, பேனா ஸ்பிரிங் போல ஒரு மெல்லிய கம்பிச் சுருள். பெருக்க வேண்டிய சிக்னல் இந்தச் சுருளில் ஓடும். கம்பியில் அது ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடினாலும், சுற்றிச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால் முன்னேறும் வேகம் குறைவு. மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுவதைப் போல. நடுவில் நேராகப் பாயும் எலக்ட்ரான்கள் அதைவிடக் கொஞ்சம் வேகமாகப் போகும்படி வோல்டேஜை வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஓடும் அலை எலக்ட்ரான்களைக் கொஞ்சம் பிடித்து இழுக்கும். அவை வேகம் இழக்கும், இழந்த ஆற்றல் அலைக்குப் போகும். மறுமுனைக்கு வரும்போது அலை பல ஆயிரம் மடங்கு பெருத்திருக்கும்.

இதைக் கண்டுபிடித்தவர் ருடால்ஃப் கோம்ஃப்னர். ஆஸ்திரியாவில் பிறந்தவர், படித்தது கட்டடக் கலை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இதைச் செய்தார். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் பியர்ஸ் இதன் கோட்பாட்டை வளர்த்தெடுத்தார். 1962 ஜூலையில் ஏவப்பட்ட டெல்ஸ்டார் செயற்கைக்கோள் ஒரே ஒரு டிரான்ஸ்பாண்டருடன் அட்லாண்டிக் கடலைத் தாண்டி டிவி படத்தை அனுப்பியபோது, உள்ளே உழைத்ததும் இதே குழாய்தான்.

இத்தனை வருடம் கழித்தும் ஏன் விடவில்லை என்றால், சிக்கனம். கொடுக்கும் மின்சாரத்தில் 60 சதவீதத்துக்கு மேல் சிக்னலாக மாற்றித் தருகிறது. 24 டிரான்ஸ்பாண்டர், ஒவ்வொன்றும் 150 வாட் என்றால் 3,600 வாட். அதற்கு 6 கிலோவாட் கரண்ட் வேண்டும், மிச்சம் 2,400 வாட் சூடாகப் போகும். மேலே காற்று கிடையாது, ஃபேன் போட்டுப் பயனில்லை. அந்தச் சூட்டை வெப்பக் குழாய்கள் வழியாகச் செயற்கைக்கோளின் வடக்கு, தெற்குப் பக்கப் பலகைகளுக்குக் கடத்தி, அங்கிருந்து விண்வெளிக்குக் கழிக்கிறார்கள். பெருக்கி மோசமாக இருந்தால் சோலார் தகடும் பெரிதாக வேண்டும், சூட்டைக் கழிக்கும் பலகையும் பெரிதாக வேண்டும்.

24 டிரான்ஸ்பாண்டர் என்றால் 24 சானலா?

அனலாக் காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு 36 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்பாண்டரை ஒரே ஒரு டிவி சானல் முழுசாகத் தின்றுவிடும். டிஜிட்டல் வந்ததும் கதை மாறியது. டிவிபி-எஸ் என்ற முதல் தலைமுறை டிஜிட்டல் ஒளிபரப்பு முறையில், விநாடிக்கு 2.75 கோடி சிம்பல் (பிட்களைச் சுமக்கும் அலைத் துண்டு) வேகத்தில், அதே டிரான்ஸ்பாண்டர் விநாடிக்குச் சுமார் 38 மெகாபிட் சுமந்தது. அடுத்து வந்த டிவிபி-எஸ்2 முறையில் 60 மெகாபிட் பக்கம் போகலாம். ஒரு சாதாரண சானல் எம்பெக்-4 சுருக்கத்தில் ஏறக்குறைய 2 மெகாபிட் என்றால் ஒரே டிரான்ஸ்பாண்டரில் இருபதுக்கு மேல் அடைக்கலாம். எச்டி என்றால் எண்ணிக்கை குறையும்.

டிரான்ஸ்பாண்டருக்கு விஷயம் தெரியாது என்று சொன்னேனே, அதன் லாபம் இங்கே வருகிறது. அனலாக் போய் டிஜிட்டல் வந்தது, எம்பெக்-2 போய் எம்பெக்-4 வந்தது. மேலே போய் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருப்பவில்லை. மாற்றியதெல்லாம் தரையில் படத்தைச் சுருக்கும் என்கோடரும் உங்கள் வீட்டுப் பெட்டியும்தான். பதினைந்து வருடம் வேலை செய்ய வேண்டிய, ஏவிய பிறகு யாரும் கை வைக்க முடியாத கருவிக்கு இந்த அறியாமை பெரிய வரம்.

ஒரே அதிர்வெண்ணில் இரண்டு டிரான்ஸ்பாண்டர் எப்படி வேலை செய்கின்றன?

சி பேண்டில் ஒதுக்கப்பட்ட 500 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், துண்டுக்கு 36, இடையில் வேலிக்கு 4 என்று போட்டால் 12 துண்டுதான் வரும். ஆனால் 24 வைக்கிறார்கள். வித்தை அலையின் சாய்மானத்தில் இருக்கிறது. ஒரு 12 துண்டை நெட்டாக அதிரும் அலையாகவும், இன்னொரு 12-ஐக் கிடையாக அதிரும் அலையாகவும் அனுப்புகிறார்கள். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். போன வருடம் மாடியில் கிடந்த ஒரு பழைய எல்என்பியை (டிஷ்ஷின் கையில் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அது) ஸ்க்ரூ கழற்றிப் பிரித்தேன். முன்மூடி போனதும் ஒரு வட்டக் குழல். குழலின் சுவரிலிருந்து தையல் ஊசி மாதிரி இரண்டு சின்ன முனைகள் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தன, ஒன்று நெட்டு, ஒன்று கிடை. இரண்டு சாய்மானத்துக்கும் ஆளுக்கு ஓர் ஊசி.

எந்த ஊசி வேலை செய்ய வேண்டும் என்று பெட்டி எப்படிச் சொல்கிறது தெரியுமா? கேபிளில் வோல்டேஜை மாற்றி. 13 வோல்ட் கொடுத்தால் நெட்டு, 18 வோல்ட் கொடுத்தால் கிடை. பெட்டியின் பின்பக்கத் துளையில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு, சாய்மானத்தை மாற்றினேன். முள் 13-லிருந்து 18-க்குத் தாவியது. நடுக்கம்பி வெளிக்கூட்டில் உரசிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஷார்ட் ஆனால் பெட்டிக்கு ஆகாது.

பெட்டியின் செட்டிங்கில் 11090, வி, 29500 என்பது போல மூன்று விவரம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டிரான்ஸ்பாண்டரின் அதிர்வெண், சாய்மானம், சிம்பல் வேகம். எல்என்பிக்குள் 9750 மெகாஹெர்ட்ஸ் அலையாக்கி இருந்தால் 11090 என்பது 1340 ஆகக் கேபிளில் இறங்கி வரும். அதாவது, மேலே நடக்கும் அதே கழித்தல் உங்கள் மாடியிலும் ஒரு தடவை நடக்கிறது.

மழை வந்தால் டிடிஎச் போய்விடுகிறது, பக்கத்து வீட்டுக் கேபிள் ஓடுகிறது. ஏன்?

ஐப்பசி, கார்த்திகையில் அதிகம் வரும் கேள்வி. கேயு பேண்ட் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். மழைத்துளி அதற்கு மிகச் சின்னது என்று தள்ளிவிட முடியாத அளவு. துளிகள் அலையை உறிஞ்சும், சிதறடிக்கும். சி பேண்டில் அலை நீளம் ஏழரை சென்டிமீட்டர், அதனால் மழை அவ்வளவாகப் பாதிக்காது. கேபிள்காரர் வைத்திருக்கும் பெரிய டிஷ் பெரும்பாலும் சி பேண்டைப் பார்க்கிறது.

உங்கள் ஊரில் வெயில் அடிக்கும்போதும் ஒரு டிடிஎச் முழுக்கத் தடுமாறினால், ஒளிபரப்பு ஏறும் ஊரில் கொட்டுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அதைச் சமாளிக்க, ஏற்று நிலையத்தில் மழையைப் பார்த்து டிரான்ஸ்மிட்டர் பலத்தைத் தானாகக் கூட்டும் ஏற்பாடு இருக்கும்.

மார்ச் மாதம் நண்பகலில் சில நிமிடம் படம் போகிறதே?

செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்துவிடுகிறது. சூரியனும் ஒரு ரேடியோ இரைச்சல் மூட்டைதான். தமிழ்நாட்டில் மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், நாளுக்குச் சில நிமிடம் வரும். பழுது இல்லை, ஆளைக் கூப்பிட வேண்டாம்.

நேரலையில் நிருபர் ஏன் தாமதமாகத் தலையாட்டுகிறார்?

ஏறி இறங்க 72,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் போனாலும் கால் விநாடி ஆகும். ஸ்டூடியோவில் கேட்ட கேள்வியும் அவர் சொல்லும் பதிலும் தனித்தனியாக அந்தப் பயணத்தைச் செய்தால் அரை விநாடிக்கு மேல். இதில் டிரான்ஸ்பாண்டரின் பங்கு சொற்பம். தூரம்தான் காரணம், கூடவே என்கோடர் எடுத்துக்கொள்ளும் நேரம்.

ஒரு டிரான்ஸ்பாண்டர் பழுதானால் என்ன செய்வார்கள்?

மாற்றுப் பெருக்கிகளைக் கூடவே அனுப்பி வைத்திருப்பார்கள். 12 குழாய் தேவை என்றால் 14, 16 என்று வைத்து, எல்லாவற்றையும் சுவிட்சுகளால் வளையமாக இணைத்திருப்பார்கள். ஒன்று படுத்துவிட்டால் தரையிலிருந்து கட்டளை போகும். நம் செயற்கைக்கோள்களுக்கு இது கர்நாடகத்தின் ஹாசனிலிருந்தோ போபாலிலிருந்தோ போகும். மேலே ஒரு சின்ன மோட்டார் சுவிட்சைத் திருப்பும், சிக்னல் வேறு குழாய் வழியாக ஓடும். பார்க்கிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

குழாய் சரியாக இருந்தும் கரண்ட் இல்லாமல் போவதும் உண்டு. இன்சாட்-4பி 2007 மார்ச்சில் ஏவப்பட்டது, 12 கேயு, 12 சி டிரான்ஸ்பாண்டர்கள். 2010 ஜூலையில் அதன் இரண்டு சோலார் பலகைகளில் ஒன்றின் மின்சாரம் தடைப்பட்டது. பாதி டிரான்ஸ்பாண்டர்களை அணைக்க வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் பல வீடுகளில் ஒரே நாளில் சானல்கள் காணாமல் போனது இதனால்தான். டிரான்ஸ்பாண்டர்களில் ஒரு குறையும் இல்லை, சோறு போடத்தான் வழியில்லை.

வந்ததை எல்லாம் திருப்பி அனுப்பும் என்றால், யார் வேண்டுமானாலும் எதையும் ஏற்றலாமா?

தொழில்நுட்பப்படி, ஆமாம். சட்டப்படி, பெரிய குற்றம். இந்த அறியாமைக்கு இப்படி ஒரு நஷ்டமும் உண்டு.

1986 ஏப்ரல் 27 நள்ளிரவு தாண்டி, அமெரிக்காவில் எச்பிஓ சானலில் ஓடிக்கொண்டிருந்த படம் மறைந்து, வண்ணப் பட்டைகளின் மேல் எழுத்து வந்தது. மாதம் 12.95 டாலர் கட்டணத்தைக் கண்டித்து, "கேப்டன் மிட்நைட்" என்ற பெயரில் ஒரு செய்தி. நாலரை நிமிடம் நின்றது. செய்தவர் ஃபுளோரிடாவில் ஓர் ஏற்று நிலையத்தில் வேலை பார்த்தவர். தன் நிலையத்தின் பெரிய டிஷ்ஷை, எச்பிஓவைச் சுமந்த கேலக்ஸி-1 செயற்கைக்கோள் பக்கம் திருப்பி, எச்பிஓவை விடப் பலமாக அனுப்பினார். டிரான்ஸ்பாண்டர் எது பலமோ அதைக் கீழே தள்ளியது. பிடிபட்டார், அபராதம் கட்டினார். அதற்குப் பிறகு அங்கே ஏற்று நிலையங்கள் தங்கள் அடையாளத்தையும் சிக்னலோடு சேர்த்து அனுப்ப வேண்டும் என்ற விதி வந்தது.

பிரேசிலில் நடந்தது இன்னும் வேடிக்கை. அமெரிக்கக் கடற்படையின் பழைய ஃபிளீட்சாட்காம் செயற்கைக்கோள்களில், காட்டுப் பகுதி லாரி டிரைவர்களும் மரம் வெட்டுகிறவர்களும் திருத்தியமைத்த சாதாரண ரேடியோவை வைத்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். 2009-ல் போலீஸ் வளைத்துப் பிடித்தது. செயற்கைக்கோளுக்குக் கடற்படையும் ஒன்றுதான், லாரிக்காரரும் ஒன்றுதான்.

சந்தா கட்டாமல் பார்ப்பதைத் தடுக்கும் பூட்டும் டிரான்ஸ்பாண்டரில் இல்லை. பூட்டுவது தரையில், திறப்பது உங்கள் பெட்டியின் கார்டில்.

இந்தியாவுக்கு அனுப்பும் சிக்னல் எல்லையில் நிற்குமா?

நிற்காது. ஆன்டெனாவின் கண்ணாடியை மெல்ல மேடுபள்ளமாக வார்த்து, இந்திய வரைபடத்துக்குப் பொருந்துவது போல அலையை வளைப்பார்கள். ஆனாலும் ஓரத்தில் பலம் மெல்ல மெல்லத்தான் குறையும். பாக் நீரிணை அதற்கு ஒரு தூரமே இல்லை. யாழ்ப்பாணத்துக் கூரைகளில் இந்திய டிடிஎச் டிஷ்களைக் காண்பது அதனால்தான்.

ஸ்பாட் பீம் (சின்ன வட்டத்துக்கு மட்டும் குவித்த அலைக்கற்றை) என்கிறார்களே, அதிலும் டிரான்ஸ்பாண்டர் உண்டா?

உண்டு, ஆனால் எண்ணிக்கையைச் சொல்வது அங்கே அர்த்தம் இழக்கிறது. 2018 டிசம்பரில் போன 5,854 கிலோ ஜிசாட்-11 நாட்டை 32 வட்டங்களாகப் பிரித்துக்கொண்டது. பக்கத்து வட்டங்களுக்கு வேறு வேறு அதிர்வெண், தள்ளியிருக்கும் வட்டத்துக்குப் பழையதையே மறுபடி. செல்போன் டவர் கணக்குதான். ஒரே படத்தை நாடு முழுக்கக் காட்ட அகலமான பீம் நல்லது. ஆளுக்கு ஒரு டேட்டா கொடுக்க வேண்டிய இணையத்துக்கு இதுதான் சரி. அதனால்தான் 2022-ல் டிடிஎச்சுக்காகவே போன ஜிசாட்-24 இன்னமும் 24 கேயு டிரான்ஸ்பாண்டர் என்ற பழைய கணக்கிலேயே பேசப்படுகிறது.

சிக்னலைப் பிரித்துப் படித்து, பிழை நீக்கி, புதிதாக எழுதி அனுப்பும் செயற்கைக்கோள்களும் இருக்கின்றன. ஏறும் வழியில் சேர்ந்த இரைச்சல் அங்கேயே கழிந்துவிடும். ஆனால் பத்து வருடம் கழித்து வரப்போகும் முறை அதற்குப் புரியாது. எனக்கு இன்னும் பழைய அறியாமையின் மேல்தான் நம்பிக்கை.

இந்தியாவின் முதல் டிரான்ஸ்பாண்டர் எது?

1981 ஜூன் 19-ல் பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து போன ஆப்பிள் செயற்கைக்கோளில் இருந்த சி பேண்ட் டிரான்ஸ்பாண்டர்கள். மாட்டு வண்டியில் ஒரு செயற்கைக்கோள் இருக்கும் புகைப்படம் பார்த்திருப்பீர்களே, அதுதான் இது. வறுமைக்காக அல்ல, ஆன்டெனாவைச் சோதிக்க இரும்பு இல்லாத மேடை வேண்டியிருந்தது, மர வண்டி பொருத்தமாக இருந்தது. அடுத்து 1983-ல் போன இன்சாட்-1பியின் 12 சி பேண்ட், 2 எஸ் பேண்ட் டிரான்ஸ்பாண்டர்கள் தூர்தர்ஷனை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தன.

சாதாரண ஆள் ஒரு டிரான்ஸ்பாண்டரைப் பயன்படுத்த முடியுமா?

பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவோருக்கான அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் இருந்தால் முடியும். 2018 நவம்பரில் போன கத்தாரின் எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோளில் அமெச்சூர்களுக்கென்றே இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள் உள்ளன. செல்லப் பெயர் கியூஓ-100. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஏறி 10.489 கிகாஹெர்ட்ஸில் இறங்கும். பிரேசிலிலிருந்து தாய்லாந்து வரை தெரியும், தமிழ்நாட்டிலிருந்து மேற்கு வானத்தில் தாழ்வாக இருக்கும். கேட்பதற்கு மட்டும் என்றால் லைசென்ஸ்கூட வேண்டாம், ஒரு டிடிஎச் டிஷ், எல்என்பி, கம்ப்யூட்டரில் செருகும் சின்ன எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) ரிசீவர் போதும். ரிசீவரும் வேண்டாம் என்றால், இணையத்தில் பொதுவாகத் திறந்துவைத்திருக்கும் ஒன்றிலேயே கேட்கலாம்.

அங்கே ஒரே டிரான்ஸ்பாண்டரைப் பலர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பெருக்கியின் மொத்தப் பலம் ஒரு குடும்பத்துச் சோற்றுப் பானை மாதிரி. ஒருவர் அதிகமாக அள்ளினால் மற்றவர்களுக்குக் குறையும். போதாததற்கு, பெருக்கியை எல்லை மீறித் தள்ளினால் சிக்னல்கள் ஒன்றோடொன்று கலந்து, யாருமே அனுப்பாத பேய்ச் சிக்னல்கள் முளைக்கும். வணிகச் செயற்கைக்கோள்களில் பல நிலையங்கள் ஒரு டிரான்ஸ்பாண்டரைப் பகிரும்போது முழுப் பலத்துக்குக் கீழேயே ஓட்டுவது இதற்காகத்தான். கியூஓ-100-ல் அளவுகோலாக எப்போதும் ஓடும் வழிகாட்டிச் சிக்னலை விடப் பலமாக யாரும் பேசக் கூடாது என்பது விதி. மீறுகிறவரைத் தரைநிலையத்தில் ஒரு கருவி கவனித்துக்கொண்டிருக்கும். அதன் பெயர் லெய்லா. யாராவது சத்தமாக வந்தால், அவர் பேசும் அதே அதிர்வெண்ணில் லெய்லா சைரன் ஊதும். பேசுகிறவர் தன் குரல் கால் விநாடி தள்ளித் திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டே பேசுவார். அந்தக் குரலின் மேல் சைரன் ஏறியதும், அவசரமாகப் பலத்தைக் குறைப்பது நமக்கே கேட்கும்.